ஆணை வந்தாயிற்று, பேப்பர்தான் வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பக் காணொளி அழைப்பில் என்ன நடந்தது என்பது இதற்குள் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கும். அழைப்பு முடிந்த சற்று நேரத்திலேயே அது வாட்ஸாப் குழுக்களில் விவாதமாகிவிட்டதால், யார் கேட்டார், எந்தத் தொனியில் கேட்டார், யாரெல்லாம் சிரித்தார்கள் என்பதை நான் மறுபடி எழுதப்போவதில்லை. கேள்வியை மட்டும் எழுதிவைக்கிறேன்: "பேப்பர் வராமலே போய்விட்டால் இவர்களை என்ன செய்வீர்கள்?" 'இவர்கள்' என்றது நாங்கள் வெளிநாட்டில் தத்தெடுத்த அக்காவையும் தம்பியையும். அப்போது சின்னவன் என் மடியில் உட்கார்ந்திருந்தான், பெரியவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு ஏழு வயது, அவனுக்கு நான்கு. இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

எத்தனை முறை சொல்லியும் விளங்காத ஒன்றை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். தத்தெடுப்பு முடிந்துவிட்டது. ஆணையில் கையெழுத்தாகி, முத்திரையும் விழுந்து, பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்ற இடத்தில் என் மனைவியின் பெயரும் என் பெயரும் ஏறிவிட்டன. இனி வரவேண்டியவை கடவுச்சீட்டு, நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி, விசா ஆகிய மூன்றும்தான். அவை வந்தால் பிள்ளைகள் விமானம் ஏறலாம், வராதவரை ஏற முடியாது. அவர்கள் எங்கள் பிள்ளைகளா என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் அந்த மூன்றில் எதற்கும் கிடையாது. நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதற்கான விதிகளைச் சொல்லும் 1993ஆம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, முறைப்படி சான்றளிக்கப்பட்ட ஒரு தத்தெடுப்பை உடன்படிக்கையில் சேர்ந்த மற்ற நாடுகள் சட்டப்படி தாமாகவே ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்கிறது. பெற்றோர், பிள்ளை என்ற உறவும் அந்த ஏற்பில் அடக்கம் என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்துவிட்டன. எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள்தான் இன்னும் கையெழுத்திடவில்லை போலிருக்கிறது.

நாங்கள் இருப்பது எந்த நாடு, எந்த ஊர் என்று எழுதமாட்டேன். பிள்ளைகளின் படத்தையும் போடமாட்டேன். அவர்களுடைய முன்கதை அவர்களுக்குச் சொந்தமானது. ஆனால் எங்கள் அன்றாடத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதியாக வேண்டும், ஏனென்றால் "நல்ல ஓய்வுதானே, சுற்றிப் பார்த்தீர்களா?" என்று கேட்பவர்களின் எண்ணிக்கையும் குறைந்தபாடில்லை. விடுப்பு தீர்ந்துபோனதால் மனைவி எங்கள் வீடு இருக்கும் நாட்டுக்கு, வேலைக்குத் திரும்பிவிட்டாள். வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில் நானும் பிள்ளைகளும் இருக்கிறோம்.

பெரியவள் பொழுது விடிவதற்கு முன்பே எழுந்துவிடுகிறாள். தன் படுக்கை விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்து, நான்கு மூலைகளையும் மடித்துச் செருகி, பிறகு தம்பி தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவனைச் சுற்றியுள்ள விரிப்பையும் சரிசெய்துவிட்டு, யாரோ வந்து பார்வையிடப்போவதைப் போலக் கட்டிலருகே நிற்கிறாள். தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்கிறாள். சாப்பிட உட்கார்ந்தால் தம்பியின் தட்டைப் பார்த்தபிறகுதான் தன் தட்டைத் தொடுகிறாள். அவளுடைய தலையணைக்கு அடியில் உணவு ஒளித்துவைக்கப்பட்டிருப்பதை நான் முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டேன். அதை எடுக்கவுமில்லை, அதைப் பற்றிப் பேசவுமில்லை. மூடி போட்ட ஒரு பெட்டியைக் கட்டிலருகே வைத்து, இது உன்னுடையது, இதில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள், யாரும் எடுக்கமாட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். காப்பகங்களில் வளர்ந்த பிள்ளைகளிடம் உணவை இப்படி ஒளித்துவைப்பது மிகவும் சாதாரணம். அடுத்த வேளை உணவு வருமா என்பது அவர்களுக்கு நிச்சயமில்லாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். நாளாக ஆகப் பெட்டி காலியாகவே கிடக்கத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை இரவு அது மறுபடி நிரம்பியிருந்தது.

சின்னவனின் கதை வேறு. அவன் யாரிடமும் போவான். மாடிப்படியில் எதிரே வரும் முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு அவருடனேயே நடந்துவிடுவான். "எவ்வளவு கலகலப்பாகப் பழகுகிறான்!" என்று பார்ப்பவர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது. தனக்கு உரியவர் யார் என்பதே பழகாத குழந்தைக்கு எல்லாப் பெரியவர்களும் ஒன்றுதான். அதனால்தான் இப்போதைக்கு அவனுக்கு ஊட்டுவதும், தூக்குவதும், தூங்கவைப்பதும் நாங்கள் மட்டுமே என்று வைத்திருக்கிறோம். இதைச் சொன்னதற்கு "ரொம்பத்தான் பொத்திப் பொத்தி வளர்க்கிறான்" என்று ஒரு விமர்சனம் வந்தது என் காதுக்கும் எட்டியது. விமர்சித்தவரிடம் கேட்கிறேன்: உங்கள் பிள்ளை வழிப்போக்கரின் கையைப் பிடித்துக்கொண்டு போனால் நீங்கள் கைதட்டுவீர்களா?

கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்ததையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் சிரிக்கவும் வேண்டுமல்லவா. வெள்ளைப் பின்னணி வேண்டும், முகம் நேராக இருக்க வேண்டும், வேறு யாருடைய கையும் நிழலும் படத்தில் விழக் கூடாது, சிரிக்கக் கூடாது. வந்த புதிதில் அசையாத முகத்துடன் இருந்த இந்தப் பெண், படமெடுக்கும் இடத்தில் தம்பி செய்த சேட்டையில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். "சிரிப்பு வேண்டாம், வாயை மூடச் சொல்லுங்கள்" என்றார் படமெடுப்பவர். விதி அப்படித்தான் என்றாலும், அந்த முகத்தில் வந்த சிரிப்பை அணைக்கச் சொல்லும் வேலையை நான்தான் செய்ய வேண்டியிருந்தது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். அழைப்பு முடிந்தபிறகு பெரியவள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இரவு தலைவாரிப் பின்னிக்கொண்டிருந்தபோது (எனக்கு இன்னும் நேர்வகிடு எடுக்க வரவில்லை, அவள்தான் சீப்பின் முனையால் எடுத்துக்கொடுக்கிறாள்) என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "ஒருத்தருக்கு மட்டும் பேப்பர் வந்தால் தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் சின்னவன்." ஏழு வயதுப் பெண் அழாமல், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்ததைப் போலச் சொன்ன வாக்கியம் இது. போகிற போக்கில் கேட்டவருக்கு அது ஒரு கேள்வி. கேட்டுவிட்டு அவர் தூங்கப் போய்விட்டார்.

"அக்கறையில்தானே கேட்டார், அதைப் போய் இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா?" என்று நேற்று முதல் பலர் தூது வருகிறார்கள். அக்கறைதான், நான் மறுக்கவில்லை. அக்கறை உள்ளவர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டிருக்கலாம். என் தொலைபேசி எண் அவரிடம் இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்தும் காலை வணக்கப் படங்களும் தவறாமல் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கேள்விக்குள் இருக்கும் எண்ணம்தான் எனக்குப் பிரச்சினை. "என்ன செய்வீர்கள்" என்று கேட்கும்போதே, ஏதோ செய்துவிட முடியும், திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட முடியும் என்பது உள்ளே இருக்கிறது. என் அண்ணன் மகள் வெளிநாட்டில்தான் பிறந்தாள். அவளுக்கும் பிறந்தபோது கடவுச்சீட்டு இல்லை. விண்ணப்பித்து, காத்திருந்து, வாங்கியபிறகுதான் ஊருக்கு அழைத்துவந்தார்கள். பேப்பர் வராவிட்டால் இவளை என்ன செய்வீர்கள் என்று அன்றைக்கு யாராவது அண்ணியிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் அண்ணி என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும்.

பேப்பர் வராமல் போகவே போகாது என்று நான் சாதிக்கவில்லை. போயிருக்கிறது. 2013 செப்டம்பரில் காங்கோ ஜனநாயகக் குடியரசு, தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வெளியேறும் அனுமதி தருவதை நிறுத்திவைத்தது. நீதிமன்றத்தில் எல்லாம் முடிந்து, சட்டப்படி பெற்றோரைப் பெற்றுவிட்ட குழந்தைகளும் அந்த ஒரே ஒரு தாளுக்காகச் சிக்கிக்கொண்டார்கள். 2016இல்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. 2010இல் நேபாளத்தில், ஆவணங்களை நம்ப முடியவில்லை என்று அமெரிக்கா புதிய விண்ணப்பங்களை நிறுத்தியதோடு, ஏற்கெனவே நடுவில் இருந்தவற்றையும் ஒவ்வொன்றாகத் தோண்டித் துருவத் தொடங்கியதால், குழந்தைகளுடன் காத்மாண்டுவில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்த பெற்றோர் உண்டு. பிள்ளைகள் தூங்கியபிறகு இதையெல்லாம் நான் படிக்காமலா இருப்பேன்? உங்களுக்குத் தோன்றிய பயம் எனக்குத் தோன்றவில்லை என்று நினைத்தீர்களா? காங்கோவில் குழந்தைகளோடு போய்க் குடியிருந்த பெற்றோர் இருந்தார்கள். கேள்விக்கு என் பதிலும் அதுதான்: பேப்பர் வராவிட்டால், வரும்வரை இங்கேயே இருப்போம். மனைவி இங்கே வருவாள். இதைத் தவிர வேறு பதில் ஒன்று இருக்கக்கூடும் என்று எப்படி உங்களுக்குத் தோன்றியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு அன்பர், "எதற்கு இத்தனை பேப்பர், யாரையாவது பிடித்து வேலையை முடித்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று ஆலோசனை சொல்லியிருக்கிறார். ஐயா, அப்படி முடித்துக்கொள்ளப் பார்த்தவர்களின் கதை உங்களுக்குத் தெரியுமா? 2007இல் சாட் நாட்டிலிருந்து ஒரு பிரெஞ்சு அமைப்பு 103 குழந்தைகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகப் பார்த்தது. அவர்களில் பெரும்பாலோர் அநாதைகளே அல்ல. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு 33 குழந்தைகளை உரிய ஆவணங்களின்றி எல்லை தாண்ட அழைத்துச்சென்ற பத்து அமெரிக்கர்கள் கைதானார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்கும் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். ஒரு தாயிடமிருந்து குழந்தை திருடப்படவில்லை என்பதற்கு உலகத்தில் இருக்கும் காவல் இந்தப் பேப்பர்தான். அதனால் நான் பேப்பருக்கு எதிரியல்ல. ஒவ்வொரு தாளும் சரிபார்க்கப்படட்டும். மனைவியின் பெயரில் ஒரு ஆவணத்தில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறது என்று எங்கள் கோப்பு ஒருமுறை திரும்பி வந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்திக் கொடுத்தேன். ஆனால் அதே ஹேக் உடன்படிக்கையின் 35ஆம் பிரிவு, அதிகாரிகள் விரைந்து செயல்பட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பிரிவை அச்சடித்து எந்தச் சுவரிலும் மாட்டிவைத்ததாக நான் பார்க்கவில்லை.

"பிறந்த மண்ணிலிருந்து பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போவது சரியா?" என்பது அடுத்தது. நாட்டுக்குள்ளேயே குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்த்தபிறகுதான் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதே விதி. பார்த்தார்கள், அக்காவையும் தம்பியையும் சேர்த்து எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. மேலும், இந்தக் கேள்வியைக் கேட்டவர் வெளிநாட்டில் வீடு வாங்கிக் குடியேறி வெகுகாலம் ஆகிறது. அவருடைய மண்பற்றை வியக்கிறேன். இத்தோடு விடுகிறேன்.

தனியுரிமை பேசுகிறவன் முகநூலில் எழுதலாமா என்றும் கேட்பீர்கள். குடும்பத்துக்குள் சொன்னேன், யாரும் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எழுத வந்தது கேள்வியைப் பற்றி மட்டும்தான் என்றாலும், மனதில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நம் குடும்பத்தின் வம்சாவளி வரைபடத்தை அழகாக அச்சிட்டு எல்லோருக்கும் அனுப்பினீர்கள். போன ஆண்டு பிறந்த குழந்தைவரை அதில் இருக்கிறது. என் பெயருக்கும் மனைவியின் பெயருக்கும் கீழே வெறும் கோடு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. கேட்டதற்கு, "வந்து சேரட்டும்பா, அடுத்த பதிப்பில் போட்டுக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. ஓர் அரசாங்கமே முத்திரை குத்தி ஒத்துக்கொண்ட உறவுக்கு வரைபடத்தில் இரண்டு பெயர் எழுத நமக்கு விசா தேவைப்படுகிறது. என் மனைவி அன்று ஒன்றும் சொல்லவில்லை. அவள் அங்கே வேலை முடிந்து வந்து, நேர வித்தியாசத்தையெல்லாம் பொருட்படுத்தாமல், இங்கே பிள்ளைகள் தூங்கும்வரை திரையில் கதை வாசித்துக் காட்டுகிறாள். அவர்கள் தூங்கியபிறகும் சில நேரம் அழைப்பைத் துண்டிப்பதில்லை. அவளிடம் போய், "பிள்ளைகள் வந்துவிட்டால் தூக்கம் கிடைக்காது, இப்போதே நன்றாகத் தூங்கிக்கொள்" என்று சொல்லியிருக்கிறீர்கள். பிள்ளைகள் எப்போதோ வந்துவிட்டார்கள். உங்களுக்குத்தான் இன்னும் வரவில்லை.

இது கோபம் என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளலாம். சித்தப்பாவின் வயதுக்கும், எனக்கு அவர் ஒரு காலத்தில் செய்த உதவிகளுக்கும் உரிய மரியாதையுடன்தான் பெயர் குறிப்பிடாமல் இவ்வளவையும் எழுதியிருக்கிறேன். (இப்போது குறிப்பிட்டுவிட்டேன் என்கிறீர்களா? எனக்குச் சித்தப்பாக்கள் நான்கு பேர்.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைப்புக்கு நாங்கள் வரமாட்டோம். அதற்குப் பிறகு வரும்போது, பெரியவளிடம் பேச விரும்புகிறவர்கள் அவளுக்கு ஆடிக்கொண்டிருக்கும் பல்லைப் பற்றிக் கேட்கலாம், தம்பியின் சேட்டைகளைப் பற்றிக் கேட்கலாம். இரண்டைப் பற்றியும் அவள் மணிக்கணக்கில் பேசுவாள். கடவுச்சீட்டு, விசா, எப்போது கிளம்புகிறீர்கள், ஏன் இன்னும் கிளம்பவில்லை என்பவை என்னிடம் கேட்க வேண்டியவை. பிள்ளைகள் ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவார்கள். அதற்குமேல் அழையுங்கள், எடுக்கிறேன்.