சுவர் என்ன சொல்லுது?

எங்க அப்பா மைக்செட்காரர். கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, கட்சிக் கூட்டம் என்று நாற்பது வருஷம் குழாய் கட்டினவர். புது மண்டபத்துக்குப் போனால் முதலில் சாமான் இறக்க மாட்டார். நடுக்கூடத்தில் போய் நின்று ஒரே ஒரு தட்டு கைதட்டுவார். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நிற்பார். அப்புறம்தான் பெட்டி எந்த மூலைக்கு, குழாய் எந்தப் பக்கம் என்று முடிவாகும். "சுவரு என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு வைக்கணும் பாப்பா. நீ பாட்டுக்கு வச்சா அது பாட்டுக்குக் கத்தும்" என்பார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பழைய கோட்டையில் ஒலி ஒளிக் காட்சி பார்க்கப் போனேன். ஊர் பேர் வேண்டாம். பிராஜெக்‌ஷன் மேப்பிங்காம். கல் சுவர் முழுக்க யானை ஓடுகிறது, தீப்பிடிக்கிறது, சுவரே இடிந்து விழுவதுபோல் விழுந்து திரும்ப எழுகிறது. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். எனக்கும் முதல் ரெண்டு நிமிஷம் வாய் பிளந்ததுதான். அப்புறம்தான் உறைத்தது: அந்தச் சுவரில் உண்மையில் ஒரு அழகான மாடம் இருந்தது. பகலில் பார்த்திருந்தேன். அதன் மேல் ஒரு குதிரையின் பின்புறத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். சத்தமோ, நான்கு பெரிய பெட்டிகளை முன்னால் அடுக்கி எதிர்ச்சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டிருந்தார்கள். "மாமன்னர்" என்று குரல் சொல்லி முடிப்பதற்குள் பின்சுவரிலிருந்து "மன்னர்" திரும்பி வந்தது. ஒரே கோட்டையில் இரண்டு மன்னர்கள். அப்பா வந்திருந்தால் பாதியிலேயே எழுந்துபோயிருப்பார்.

அன்றிலிருந்து மனசில் கிடக்கும் ஒரு சண்டையைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டடத்தை வைத்து ஒலி ஒளி நிகழ்ச்சி செய்வது வேறு, கட்டடத்தின் மேல் படம் ஓட்டுவது வேறு. ரெண்டாவதுக்கு ஒரு வெள்ளை வேட்டி போதும்.

இந்த ஒலி ஒளிக் காட்சியின் ஆரம்பம் 1952இல், பிரான்சில் ஷாம்போர் அரண்மனையில். அதைச் செய்தவர் பால் ரொபேர்-ஊதான். பிரபல மந்திரவித்தைக்காரர் ஒருவரின் பேரன் (அந்த ரத்தம் வேலை செய்திருக்க வேண்டும்). இருட்டில் நிற்கும் கட்டடத்தில் ஒவ்வொரு பகுதியாக வெளிச்சம் விழும், மறைந்த குரல் கதை சொல்லும். அவ்வளவுதான் விஷயம். அது பல நாடுகளைச் சுற்றி நம் ஊருக்கும் வந்தது. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் சிலப்பதிகாரக் கதையும் நாயக்கர் கதையும் சொல்லும் காட்சியை ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தோடு போய்ப் பார்த்தேன். கதையில் பாதி மறந்துவிட்டது. ஆனால் ஒரு வளைவில் விளக்கு அணைந்து அடுத்த வளைவில் எரிந்தபோது, அந்தத் தூண்கள் எங்களை நோக்கி ஒரு எட்டு எடுத்துவைத்த மாதிரி இருந்தது இன்னும் மறக்கவில்லை. அன்று அங்கே படம் எதுவும் ஓடவில்லை. தூண் தூணாகவேதான் இருந்தது.

ஆனால் இசையிலிருந்தே ஒரு கட்டடம் பிறந்த கதை ஒன்று உண்டு. அது நடந்தது பெல்ஜியத்தில்.

1958, பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சி. ஃபிலிப்ஸ் கம்பெனிக்கு ஒரு அரங்கு வேண்டும். நம் தாத்தாக்கள் வீட்டு அலமாரியில் துணி போர்த்திவைத்த அதே ரேடியோப்பெட்டிக் கம்பெனிதான். பொருளை அடுக்கிக் காட்டாமல், ஒலியிலும் ஒளியிலும் தங்களுக்கு என்ன கைவரும் என்று காட்ட நினைத்தார்கள். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேவிடம் போனார்கள். அவரோ அப்போது சண்டிகரை எழுப்பும் வேலையில் மூழ்கியிருந்தார். அரங்கின் வடிவத்தைத் தன் அலுவலகத்தில் இருந்த கிரேக்க இன்ஜினியர் ஒருவரிடம் விட்டுவிட்டார். அவர் பெயர் யானிஸ் ஸெனாகிஸ். ஏதென்ஸ் தெருச் சண்டையில் முகத்தில் குண்டுச்சிதறல் பாய்ந்து ஒரு கண்ணை இழந்தவர். மரண தண்டனைக்குத் தப்பி 1947இல் பாரிசுக்கு வந்து சேர்ந்தவர். பகலில் கான்கிரீட் கணக்கு, ராத்திரியில் இசை எழுதுவது என்று வாழ்ந்தவர்.

அவர் அதற்குச் சில வருஷம் முன்பே 'மெட்டாஸ்டாசிஸ்' என்று ஒரு படைப்பை எழுதியிருந்தார். 61 பேர் வாசிப்பது. அதில் 46 பேர் தந்தி வாத்தியக்காரர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனி வழி. நம் வயலின்காரர்கள் ஜாரு என்று சொல்வார்களே, விரலை எடுக்காமல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது, அதைத்தான் அத்தனை பேரும் வெவ்வேறு வேகத்தில் செய்கிறார்கள். ஸெனாகிஸ் இதைக் கட்டக் காகிதத்தில் நேர்கோடுகளாக வரைந்தார். ஒவ்வொரு கோடும் நேராகத்தான் இருக்கிறது. எல்லாம் சேரும்போது ஒரு வளைந்த பரப்பு தெரிகிறது.

புரியவில்லை என்றால், இரண்டு குச்சிக்கு நடுவே வரிசையாக நூல் கட்டிவிட்டு ஒரு குச்சியை மட்டும் லேசாக முறுக்கிப் பாருங்கள். நூல் எதுவும் வளையாது. ஆனால் நூல்களின் பரப்பு குதிரைச் சேணம் மாதிரி வளைந்து நிற்கும். ஃபிலிப்ஸ் அரங்கின் சுவர்களை அவர் இப்படித்தான் எழுப்பினார். இசைக்குப் போட்ட அதே கோடு, இந்த முறை ஐந்தே சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட்டாக. தூரத்திலிருந்து பார்த்தால் மூன்று முனைகளில் குத்தி நிறுத்திய கூடாரம். சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று கைவைத்துச் சொல்ல முடியாது.

உள்ளே 300க்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகள். அவற்றை ஓரிடத்தில் குவிக்காமல் சுவரின் வளைவைப் பின்பற்றி வரிசையாகப் பதித்தார்கள். ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று சத்தம் சுவரோரமாக ஏறி, தலைக்கு மேல் போய், அந்தப் பக்கம் இறங்கும். ஒலிக்கே பாதை போட்டிருந்தார்கள். சுவரின் உட்புறம் முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் பூச்சு. சொரசொரப்பான பூச்சு சத்தத்தைத் தின்னும், எதிரொலி குறையும். (ஆஸ்பெஸ்டாஸின் கெடுதலை இன்று நினைத்தால் நெஞ்சு கரிக்கிறது, அது வேறு கதை.) ஒரு தடவைக்கு சுமார் ஐந்நூறு பேர் உள்ளே போவார்கள். எட்டு நிமிஷக் காட்சி. இசையமைப்பாளர் எட்கார் வரேஸ் ஒலிநாடாவில் அமைத்த 'எலக்ட்ரானிக் கவிதை' ஒரு பெரிய மணியோசையோடு தொடங்கும். சைரன், மேளம், மனிதக் குரல் எல்லாம் வரும். வரேஸுக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கம்பெனிக்காரர்களுக்கு அவர் இசை பிடிக்கவே இல்லை. வரேஸ் இல்லையென்றால் நானும் இல்லை என்று லெ கொர்புசியே ஒற்றைக்காலில் நின்றதால்தான் அது நடந்தது. அதற்காக அவரைக் கும்பிடலாம்.

ஆனால் ஸெனாகிஸ் விஷயத்தில் அவர் நடந்துகொண்டதற்குக் கும்பிட முடியாது. வடிவம் போட்டவன் பெயரைச் சேர்க்க மனம் வரவில்லை. கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 1959இல் ஸெனாகிஸின் வேலையும் போனது. மேடையில் பாடகருக்குச் சால்வை, மைக்செட்காரருக்கு "பில்லை நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க". எனக்கு இது ஒன்றும் புதுசில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ரசிகர்கள் அடிக்க வந்தாலும் சரி. அந்த அரங்கின் பலவீனமான பகுதி லெ கொர்புசியே தேர்ந்தெடுத்துச் சுவரில் காட்டிய படங்கள்தான். முகமூடிகள், மிருகங்கள், வதைமுகாம் பிணங்கள், அணுகுண்டுப் புகை, குழந்தைகள், கடைசியில் தன் சொந்தக் கட்டடங்கள் வேறு. படமும் இசையும் ஒன்றையொன்று பார்த்துச் செய்யப்பட்டவை இல்லை. இன்று மிச்சமிருக்கும் காட்சிகளைப் பார்த்தால் படங்களுக்கு வயதாகியிருக்கிறது. இசைக்கும் சுவருக்கும் ஆகவில்லை. சுவரில் படம் ஓட்டும் ஆசை அங்கேயே தொடங்கிவிட்டது என்றுகூடச் சொல்வேன்.

ஸெனாகிஸுக்கு அது புரிந்திருக்க வேண்டும். பிறகு தானே செய்த நிகழ்ச்சிகளுக்கு 'பாலிடோப்' என்று பெயர் வைத்தார், பல இடங்கள் என்கிற மாதிரி. 1972இல் பாரிசில் க்ளூனி ரோமானியக் குளியல் மண்டபத்தில் செய்ததுதான் என் மனசுக்கு நெருக்கமானது. 600 ஃபிளாஷ் விளக்கு, மூன்று லேசர், கதிரைத் திருப்பிவிடக் கண்ணாடிகள். ஜனங்கள் தரையில் படுத்துக்கொண்டு மேலே பார்ப்பார்கள். யானை இல்லை, குதிரை இல்லை, மன்னர் இல்லை. வெறும் புள்ளியும் கோடும். ஒரு நொடிக்கு 25 முறை மாறக்கூடிய அந்த மின்னலில் பழைய கூரை தெரிந்து தெரிந்து மறையும். நான் அங்கே இருந்ததில்லை. என்றாலும் அந்தக் கோட்டையில் உட்கார்ந்திருந்தபோது நான் ஏங்கியது இதற்குத்தான் என்று அடித்துச் சொல்வேன்.

நம் ஊரில் இதைச் செய்ய முடியாதா? நெல்லையப்பர் கோயிலில் தட்டினால் சுரம் சொல்லும் கல்தூணைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லுக்குள் சத்தம் இருக்கிறது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டெண்டரில் "இத்தனை லூமென்ஸ் புரொஜெக்டர்" என்று எழுதும் கையால், "முதலில் ஒரு ஆள் போய்க் கைதட்டிக் கேட்டுவிட்டு வர வேண்டும்" என்று ஒரு வரி எழுதலாம். செலவில்லாத வேலை.

ஃபிலிப்ஸ் அரங்கைக் கண்காட்சி முடிந்தபின் 1959 ஜனவரி 30 அன்று இடித்துவிட்டார்கள். நாடாவும் படங்களும்தான் மிச்சம். அரங்குக்குள் ஜனங்கள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒலித்தது ஸெனாகிஸ் செய்த இரண்டே முக்கால் நிமிஷத் துண்டு. எரியும் கரியின் சத்தத்தைப் பதிவுசெய்து நறுக்கி அடுக்கியது. போன ஞாயிற்றுக்கிழமை அதை அப்பாவுக்கு ஹெட்ஃபோனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"கண்ணாடி வளையலக் கூடையோட கொட்டுற மாதிரி இருக்கு."

கரி என்றேன். நம்பவில்லை. அரங்கின் படத்தைக் காட்டி, பெட்டிகள் சுவரில் பதித்ததை விளக்கினேன்.

"எத்தன பெட்டி?"

"முந்நூறுக்கு மேலப்பா."

கொஞ்ச நேரம் வாய்க்குள் கணக்குப் போட்டார். "பெட்டிக்கு முப்பது மீட்டர் வச்சாலே ஒம்பதாயிரம் மீட்டர் வயரு. அவுத்துச் சுத்தவே நாலு நாள் ஆவும்."

"அந்தக் கட்டடத்தையே இடிச்சிட்டாங்கப்பா."

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வயர உருவிட்டுத்தான இடிச்சாங்க?"