பேயும் சாமியும் ஒரே பீடத்தில்

காவல் தெய்வமான சுடலை மாடனின் கோயிலைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் நடத்திய கையோடு, "சாமி இனி சைவம்" என்று அறிவிக்கிற வழக்கம் நம் திருநெல்வேலிச் சீமையில் பரவி வருகிறது. ஆடு வெட்டுவது சரியா தவறா என்பது தனி விவாதம். அதற்குள் நான் போகவில்லை. மாடனைத் துஷ்ட தேவதை என்று முதலில் ஒதுக்கி, பிறகு திருத்திச் சேர்த்துக்கொள்ளும் அந்தப் பெரிய மனத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பார்வை புதியதன்று. 1841-இல் நம் சீமையின் இடையன்குடிக்கு வந்த கிறித்தவ மதபோதகர் கால்டுவெல், 1849-இல் வெளியிட்ட நூலில் இங்குள்ள வழிபாட்டைப் பேய் வணக்கம் என்றே எழுதினார். திருவிதாங்கூர்ப் படையுடன் 1809-இல் நடந்த சண்டையில் காயம்பட்டு இறந்த போல் என்ற ஆங்கிலேய கேப்டனின் சமாதியில் இச்சீமை மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அவர் கண்ணுக்கு அது மடமை. எனக்கோ நம் சீமையின் தெய்வக் கணக்கு முழுவதும் அந்த ஒரு செய்தியில் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது: அகாலத்தில் செத்தவன் வெள்ளைக்காரனே ஆனாலும், அவனுக்குப் பிடித்ததைக் கொடுத்து ஆற்றுப்படுத்த வேண்டும், ஆறியபின் அவன் காவலுக்கு நிற்பான்.

காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயன் சந்நிதிக்குச் சென்றவர்களுக்கு இது விளங்கும். பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டன் அந்தணர் குலத்தில் பிறந்தவன்; செருப்புத் தைக்கும் குடியில் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரிகளை மணந்து, பூணூலை அறுத்தெறிந்து, மாமனாரின் தொழிலைத் தன் தொழிலாகக் கொண்டு, மாடு பிடிக்க வந்த கள்வரோடு பொருது மாண்டான். ஆடி அமாவாசைக்கு அவன் சந்நிதியில் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். கட்டிய செருப்பு நாளடைவில் தேய்ந்திருப்பதைக் காட்டி, பட்டன் இரவில் போட்டு நடக்கிறான் என்பார்கள். வேறெந்தச் சந்நிதியிலும் வாசலுக்கு வெளியே கழற்ற வேண்டிய பொருள், இங்கே சாமிக்கு முன்னால் தொங்குகிறது. இவனைத் தேவன் என்பதா, ஆவி என்பதா? கும்பிடுகிறவர்கள் யாரும் கேட்காத கேள்வி இது.

புராணத்து அசுரனையும் நாம் முழுதாகக் கொன்றுவிடுவதில்லை. திருச்செந்தூரில் மாமரமாகி நின்ற சூரபத்மன் வேல் பட்டு இரண்டாகப் பிளந்ததும், ஒரு பாதி மயிலாகவும் மறுபாதி சேவலாகவும் முருகனோடேயே தங்கிவிடுகிறான்.

மாடனின் கதையோ இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. கைலாயத்து விளக்கின் சுடரைப் பார்வதி முந்தானையில் ஏந்திப் பெற்ற பிள்ளை அவன். அப்படிப்பட்டவன் நள்ளிரவில் தொட்டிலை விட்டிறங்கி, சுடுகாட்டில் பிணம் தின்று திரும்புகிறான். தாய்க்கு வாடை காட்டிக்கொடுத்துவிடுகிறது. பூலோகத்துக்கு அனுப்பப்படுகையில் வரமும் பெற்றே வருகிறான். சிவன் மகன் என்பதும் பிணந்தின்னி என்பதும் ஒரே கதையின் இரு வரிகள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

எங்கள் பக்கத்து ஊர் மாடன் கோயில் கொடைவிழாவில், வந்திருக்கும் விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள், பிணம் தின்னும் பகுதியை விட்டுவிட்டுப் பாடுங்கள் என்று விழாக்குழுவினர் வில்லுப்பாட்டுப் புலவரிடம் சொன்னார்கள். "அந்த எடத்தப் பாடாம கோமரத்தாடி மேல சாமி எப்படிய்யா வரும்?" என்று, சாமியாடியைக் குறிப்பிட்டுக் கேட்டுவிட்டு அவர் குடத்தைத் தட்டச் சொன்னார். நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்குச் சற்று முன்பு அந்தப் பகுதி ஒரு வரி குறையாமல் பாடப்பட்டது. விருந்தாளிகளும் எழுந்து போகவில்லை.