"சயின்ஸும் ஒரு நம்பிக்கைதானே மாப்ள"ன்னு கேட்ட மச்சானுக்கு

போன வாரம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல கிரகணத்தன்னிக்குக் கர்ப்பிணிங்க வெளிய வந்தா குழந்தைக்கு உதடு பிளந்துரும்னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. அதுக்குக் கீழ, அப்படியெல்லாம் ஆகாதுன்னு நான் ரெண்டு வரி எழுதினேன். உடனே மச்சான் ஒருத்தர், "சயின்ஸும் ஒரு நம்பிக்கைதான் மாப்ள, அவங்களே தியரின்னுதானே சொல்றாங்க, நிரூபிச்சிட்டோம்னா சொல்றாங்க"ன்னு போட்டார், அதுக்கு ஏழெட்டு பேர் கைதட்டல் வேற. பதில் எழுத உக்காந்தேன், நீண்டுக்கிட்டே போச்சு, அதனால இங்கயே போடுறேன்.

எனக்குக் கிரகணம்னாலே எங்க சித்தி ஞாபகம்தான் வரும். 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை, பெரிய சூரிய கிரகணம். சித்திக்கு அப்ப ஏழாம் மாசம். மத்தியானமே உள் ரூம்ல படுக்க வெச்சுட்டாங்க, சோறு தண்ணி கிடையாது, கையைக் காலைக் கூட மடக்கக் கூடாதுன்னாங்க. கதவிடுக்குல பழைய சேலையைச் சுருட்டி அடைச்சதே நான்தான், எட்டு வயசு எனக்கு. ரூம்ல அவ்ளோ இருட்டு, சித்தி மூச்சு விடற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு தம்பி பொறந்தான், மேல் உதடு பிளந்து இருந்துச்சு. "நாங்க சொல்லச் சொல்லக் கேக்காம அருவாமனையத் தொட்டிருப்பா", "ஜன்னல் வழியா எட்டிப் பாத்திருப்பா"ன்னு ஊரே பேசுச்சு. அவங்க மாமியார் சாகற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுனாங்க. சித்தி படுத்தே கிடந்தாங்கன்னு எனக்குத் தெரியும், ஆனா எட்டு வயசுப் பையன் சொல்லி யார் கேப்பா.

அன்னிக்குத் தம்பி நல்லபடியா பொறந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? "பாத்தியா, உள்ள வெச்சதாலதான்"னு சொல்லியிருப்பாங்க. இப்படிப் பொறந்ததால "வெளிய வந்திருப்பா"ன்னாங்க. எது நடந்தாலும் அந்த நம்பிக்கைக்குச் சேதாரம் கிடையாது, சேதாரமெல்லாம் சித்திக்குத்தான்.

தியரிங்கற வார்த்தையில மச்சான் குழம்புனது நியாயம்தான், அவர் மேல தப்பே இல்ல. ஸ்கூல்ல இருந்தே தியரி, பிராக்டிகல்னு ரெண்டாப் பிரிச்சுப் பழகிட்டோம், தியரின்னா ஏட்டுல இருக்கறது, பிராக்டிகல்னா செஞ்சு பாக்கறதுன்னு மனசுல பதிஞ்சு போச்சு. ஆனா சயின்ஸ்ல ஒரு விளக்கத்தைப் பல பேர் பல வருஷம் அளந்து பாத்து, உடைக்கப் பாத்து, உடையாம நின்னாத்தான் அதுக்குத் தியரின்னு பேரு. கிருமியால நோய் வருதுங்கறதும் தியரிதான், நாம கை கழுவாமலா இருக்கோம். அதோட, "இந்த எடத்துல இது இப்படி இருக்கணும், இல்லன்னா நான் தப்பு"ன்னு தியரி முன்கூட்டியே வாயைக் குடுத்து மாட்டிக்கும். நம்பிக்கை அப்படி மாட்டிக்கவே மாட்டேங்குது.

இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை லெவெரியேங்கற பிரெஞ்சு வானியலாளரோடது. யுரேனஸ் கோள் நியூட்டன் கணக்குப்படி போகாம கொஞ்சம் விலகி விலகிப் போயிட்டிருந்துச்சு. இவர் உக்காந்து கணக்குப் போட்டு, யுரேனஸுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கோள் இருந்து இழுக்குது, அது வானத்துல இன்ன எடத்துல இருக்கும்னு பெர்லின் வானாய்வகத்துக்கு லெட்டர் போட்டார். லெட்டர் போய்ச் சேந்தது 1846 செப்டம்பர் 23. அன்னிக்கு ராத்திரியே அங்க இருந்த காலேங்கற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பிப் பாத்தா நெப்டியூன் அங்க இருக்கு! சொன்ன எடத்துல இருந்து ஒரு டிகிரி கூடத் தள்ளி இல்ல. கையை நல்லா நீட்டி சுண்டுவிரலை வானத்துல காட்டுங்க, அது மறைக்கிற அகலம்தான் ஒரு டிகிரி. பேப்பர்ல பேனாவால கண்டுபிடிச்ச கோள் அது, எனக்கு இப்ப எழுதும்போதும் சிலிர்க்குது.

அதே மனுஷன் அடுத்து புதன் கோளை எடுத்தார். அதோட நீள்வட்டப் பாதையும் கணக்குக்கு மேல துளியூண்டு திரும்பிக்கிட்டே போகுது, அந்தத் துளி எவ்ளோன்னா ஒரு டிகிரி சேரவே எட்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆகும், அதையும் அளந்து வெச்சிருந்தாங்க. போன தடவை மாதிரியே, சூரியன் பக்கத்துல இன்னொரு கோள் இருக்கணும்னார். 1859ல ஒரு கிராமத்து டாக்டர் சூரியனுக்குக் குறுக்க ஒரு கரும்புள்ளி போனதைப் பாத்தேன்னு சொன்னார், லெவெரியே நேர்லயே போய் விசாரிச்சு நம்பிட்டார், வல்கன்னு பேரும் வந்துருச்சு. 1877 மார்ச்ல சூரியனுக்குக் குறுக்க வரும்னு கணக்குச் சொன்னார், வரல. முழு சூரிய கிரகணம் வந்தப்பல்லாம் தேடுனாங்க, எவனாவது ஒருத்தன் பாத்தேம்பான், பக்கத்துல இருந்தவன் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்துல மறைஞ்சிருக்கும், ரொம்பச் சின்னதா இருக்கும்னு சமாளிச்சவங்களும் இருந்தாங்க. லெவெரியே வல்கன் இருக்குன்னு நம்பிக்கிட்டேதான் 1877 செப்டம்பர் 23 அன்னிக்கு இறந்தார், நெப்டியூன் கண்டுபிடிச்ச அதே தேதி.

ஒரே மூளை, ஒரே கணக்கு முறை. ஒண்ணு சொன்ன எடத்துல இருந்துச்சு, இன்னொண்ணு இல்ல. அவ்ளோ பெரிய மனுஷன் சொல்லிட்டாரேன்னு வல்கனைக் காலத்துக்கும் தூக்கி வெச்சுக்கல, கடைசியில கைவிட்டுட்டாங்க. 1915 நவம்பர்ல ஐன்ஸ்டைன் புதுக் கோள் எதுவும் இல்லாமலே, ஈர்ப்புங்கறதையே வேற மாதிரி யோசிச்சு, புதனோட அந்தத் துளி வித்தியாசத்தை, நூறு வருஷத்துக்கு 43 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600 துண்டாக்குனா அதுல ஒரு துண்டுதான் ஒரு ஆர்க்செகண்ட்), அப்படியே கொண்டு வந்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்ல, இதுல இருந்து வர்ற முடிவுல ஒண்ணு தப்பானாலும் மொத்தத்தையும் விட்டுடணும்னு எழுதுனார். 1919 கிரகணத்தன்னிக்கு நட்சத்திர வெளிச்சம் சூரியன் பக்கத்துல எவ்ளோ வளையுதுன்னு அளந்தாங்க, அவர் சொன்னதுக்கு ஒத்து வந்துச்சு. நாளைக்கே ஒத்து வராத ஒண்ணு கிடைக்கலாம், அப்ப அதையும் மாத்தத்தான் போறாங்க, அதுல அவமானம் ஒண்ணும் கிடையாது மச்சான்.

இப்ப தம்பி விஷயத்துக்கு வர்றேன். குழந்தையோட மேல் உதடு கூடிச் சேர்றது கர்ப்பத்தோட நாலாவது வாரத்துல இருந்து ஏழாவது வாரத்துக்குள்ள. அப்ப சேரலன்னா சேரலதான். இந்த விளக்கமும் கழுத்தை நீட்டிக்கிட்டுத்தான் நிக்குது. இப்பல்லாம் அஞ்சாம் மாச ஸ்கேன்லயே உதட்டுப் பிளவு தெரியுது, அந்த ஸ்கேன்ல உதடு முழுசா இருந்த ஒரு குழந்தை அப்புறம் வந்த கிரகணத்தால பிளந்து பொறந்துச்சுன்னு ஒரே ஒரு கேஸ் காட்டுங்க, இந்த விளக்கம் அங்கயே விழுந்துரும். யாராலயும் காட்ட முடியல.

சித்திகிட்ட இதைச் சொல்ல எனக்கே ரொம்ப வருஷம் ஆச்சு, பழசைக் கிளறணுமான்னு தயக்கம். ரெண்டு வருஷம் முன்னாடி ஊருக்குப் போனப்ப, திண்ணையில முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க, பக்கத்துல உக்காந்து சொன்னேன். கீரையை முறத்துல போட்டுட்டு, "எத்தனாவது வாரம்னு சொன்ன?"ன்னு கேட்டாங்க. "நாலுல இருந்து ஏழுக்குள்ள, சித்தி." விரலை மடக்க ஆரம்பிச்சாங்க. மாசி ஏழு, தை ஆறு, மார்கழி அஞ்சு, கார்த்திகை நாலு, ஐப்பசி மூணு, புரட்டாசி ரெண்டு. அங்க நிறுத்திட்டாங்க. மறுபடி ஒரு தடவை மாசியில இருந்து எண்ணுனாங்க.

"அப்போ அது புரட்டாசியிலயே ஆகிப்போனதாடா"ன்னாங்க.