கல்யாண வேலையில் எவ்வளவு பங்கை வெளியாரிடம் ஒப்படைப்பது?

எதிர் வீட்டுத் தங்கை சென்ற வாரம் கோயிலில் முகூர்த்த நாள் குறித்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். "அக்கா, முழுப் பேக்கேஜாகக் கொடுத்துவிடலாமா, இல்லை நாமே ஓடியாடிப் பார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த அவசரத்தில் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் போதாது என்று இரவெல்லாம் மனம் உறுத்தியது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் நம்மைப் போன்ற தோட்டத்துக் குடும்பங்கள் இந்தக் கேள்வியில் தடுமாறுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆகவே எனக்குத் தெரிந்ததை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

"அந்தக் காலத்தில் யாரையாவது கூலிக்கு வைத்தா கல்யாணம் செய்தோம்?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. 1987-இல் என் அக்காவின் கல்யாணம் தோட்டத்திலேயே நடந்தது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. முதல்நாள் இரவு, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்ததும், விடியற்காலையில் தோட்டத்து லாரி மேளக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்ததும் இன்றைக்கும் கண்முன் நிற்கின்றன. ஆனால் அந்தக் கல்யாணம் தானாக நடக்கவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், தோட்ட வேலையை மேற்பார்க்கும் தண்டல் மாமா பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தார். வாழை மரம் வெட்டி வருவது யார், அண்டா இரவல் வாங்குவது எந்த வீட்டில், இரண்டாம் பந்திக்குச் சாம்பார் வாளி யார் கையில் என்பதெல்லாம் அதில் பெயர் பெயராக எழுதியிருந்தது. அவர் அப்படி எத்தனையோ கல்யாணங்களை நடத்திக் கொடுத்தவர். சம்பளம் வாங்கவில்லை என்பதைத் தவிர, இன்றைய கல்யாண ஏற்பாட்டாளர் செய்யும் வேலை முழுவதையும் அவர் செய்தார். பால்மரம் எனும் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, நாம் ஆளுக்கொரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியேறிய பிறகு, நம்மிடம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்குப் புத்தகத்தைச் சுமக்கும் ஆள்தான் இல்லை.

இந்த வேறுபாடு எனக்கு விளங்கியது 2016-இல், தம்பி மகளின் கல்யாணத்தில். எல்லாவற்றையும் நாங்களே செய்வது என்று தீர்மானித்திருந்தோம், ஆள்பலத்துக்கும் குறைவில்லை. மணவறையில் தாரை வார்க்கும் நேரம். தம்பியும் தம்பி மனைவியும் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்க, ஐயர் நீரை வார்க்கச் சொல்லும் வேளையில் தம்பியின் சட்டைப் பையில் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. கேட்டரிங்காரரின் பையன் மணவறைப் படியருகே வந்து நின்று, மீதிப் பணம் வராமல் பந்தியைத் தொடங்க மாட்டார்கள் என்று சைகையில் சொன்னான். தம்பி ஒரு கையால் பையைத் துழாவினான். அந்த நிமிடத்தில் எடுத்த படத்தில் மகள் தலைகுனிந்து அழுகிறாள். அப்பாவின் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. அந்தப் படத்தைத் தம்பி இன்றுவரை கூடத்தில் மாட்டவில்லை.

நம் கல்யாணத்தில் ஒரு வீட்டின் மிகத் திறமையான ஆட்கள் யாரோ, அவர்களுக்குத்தான் சடங்கில் இடம் இருக்கிறது. பெற்றோர் மணவறையில் இருப்பார்கள். தாய்மாமன் மாலையோடு நிற்பார். நாத்தனார் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மற்ற நாள்களில் ஊரையே ஆட்டி வைக்கும் இவர்கள், முகூர்த்தத்துக்கு முன்னும் பின்னுமான மூன்று நான்கு மணி நேரம் ஒரு வேலைக்கும் உதவ முடியாது. உதவ வைக்கவும் கூடாது. ஆகவே எவ்வளவு உதவி தேவை என்பதைப் பணத்தை வைத்தோ, பக்கத்து வீட்டார் எடுத்ததை வைத்தோ முடிவு செய்யாமல், அந்த மணி நேரங்களில் சடங்கில் இல்லாத, பொறுப்பான ஆள் யார் யார் மிச்சம் என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொழில்முறை உதவி எனக்குத் தெரிந்து மூன்று வகையில் கிடைக்கிறது. தொடக்கம் முதல் முடிவுவரை அவர்களே பார்ப்பது முழு ஏற்பாடு. மண்டபம் தேடுவது, விலை பேசுவது, செலவுக் கணக்கு எல்லாம் அதில் அடங்கும். குறைந்தது ஒன்பது மாதமாவது முன்னதாகத் தொடங்கினால்தான் கொடுத்த பணத்துக்குப் பயன் உண்டு. அடுத்தது, அலங்காரம் அல்லது இரவு விருந்து போன்ற ஒரு பகுதியை மட்டும் ஒப்படைப்பது. மூன்றாவது அந்த நாளை மட்டும் நடத்திக் கொடுப்பது. நம்மில் பலர் அப்படி ஒன்று இருப்பதையே அறிவதில்லை. பெயர்தான் ஒரு நாள் வேலை. நல்ல ஒருங்கிணைப்பாளர் ஒரு மாதத்துக்கு முன்பே வந்து, நாம் பேசி வைத்த அலங்காரக்காரர், மேளக்காரர், படம் எடுப்பவர், சமையல்காரர் அனைவரின் எண்களையும் ஒப்பந்தங்களையும் வாங்கிப் படித்து, யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று ஒரே தாளில் எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுவார்.

என் மகளுக்கு 2019-இல் முழு ஏற்பாட்டையே எடுத்தோம். கோலாலம்பூரிலிருந்து வந்தவர்கள் இரவு விருந்தைக் குறையின்றி நடத்தினார்கள். அதை மறைப்பது நியாயமில்லை. ஆனால் கல்யாணத்துக்கு 25 நாள் இருக்கும்போதுதான் பதிவுத் திருமணத்துக்கு யாருமே மனு கொடுக்கவில்லை என்பது தெரிந்தது. அவர்கள் செய்வார்கள் என்று நாங்களும், குடும்பம் செய்யும் என்று அவர்களும் இருந்துவிட்டோம். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, முஸ்லிம் அல்லாத நம் திருமணங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பித்தால் அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்கும். அதன் பிறகுதான் கோயிலில் உள்ள துணைப் பதிவாளர் முன்னிலையில் கையெழுத்திட முடியும். மறுநாள் காலையில் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மிஞ்சியிருந்தது மூன்று நாள்தான். எந்த ஏற்பாட்டை எடுத்தாலும், "இதில் எது அடங்காது?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். பதிவு, தாலி, கூரைப் புடவை, வரிசைத் தட்டுகள் ஆகியவற்றை எவ்வளவு பெரிய பேக்கேஜ் எடுத்தாலும் வீட்டாரே வைத்துக்கொள்வது நல்லது.

சென்ற ஆண்டு அக்காவின் பேத்தி கல்யாணத்தில், வேலைகளை நாங்கள் பிரித்துக்கொண்டு, அந்த நாளை மட்டும் ஈப்போவைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணிடம் ஒப்படைத்தோம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பெண் வந்து, "பெரியம்மா, கொடுக்க வேண்டிய மீதிப் பணத்தை எல்லாம் இப்போதே தனித்தனிக் கவரில் போட்டு, மேலே பெயரும் தொகையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டாள். பதினொரு கவர்கள். முகூர்த்தத்தின்போது அவற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, மாலையில் ரசீதுகளை என் மடியில் வைத்தாள். பெண்ணைப் பெற்றவர்கள் அன்று ஒரு முறைகூடக் கைப்பேசியை எடுக்கவில்லை.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். மணமக்கள் இருவரும் சிங்கப்பூரில் வேலையில் இருந்து, இங்கே வயதான பெற்றோர் மட்டும் இருந்தால் முழு ஏற்பாடுதான் சரி. கணவரை இழந்து தனியாக நிற்கும் தாய்க்கும் அதுவே பாரத்தைக் குறைக்கும். ஆனால் மண்டபத்தார் தள்ளுபடி தருகிறார்கள் என்பதற்காகவோ, சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற பயத்தாலோ கடன் வாங்கி முழு ஏற்பாடு எடுப்பதை நான் முற்றாக எதிர்க்கிறேன். அந்தக் கடனைப் பெரும்பாலும் புதுமணத் தம்பதியரே அடைக்கிறார்கள்.

பணம் கொடுக்கும் முன் இன்னும் ஒன்றைக் கேளுங்கள்: நம்மிடம் வாங்கும் கூலியைத் தவிர, ஏற்பாட்டாளர் தாம் அழைத்து வரும் அலங்காரக்காரரிடமும் சமையல்காரரிடமும் கமிஷன் வாங்குகிறாரா? வாங்குவது குற்றமில்லை, மறைப்பதுதான் தவறு. முன்பணத்துக்கு ரசீது இல்லாமல் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுக்காதீர்கள். சொன்னபடி செய்யாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே நாமே தாக்கல் செய்யலாம். ஆனால் அங்கே பேசப்போவது நம் கையில் இருக்கும் தாள்தான்.

எதிர் வீட்டுத் தங்கை இந்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் வருகிறார். முகூர்த்த நேரத்தில் அவர் பக்கத்தில் சும்மா இருக்கக்கூடியவர்களின் பெயர்களை எழுத ஒரு கணக்குப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன்.