தோட்டக்காரர் யாரும் இல்லை

குழந்தை வளர வளர, மூளையின் நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்புகள் குறைவதைத் தோட்டக்காரர் கவாத்து செய்வதோடு உங்கள் கட்டுரையில் ஒப்பிட்டிருக்கிறீர்கள். எந்தக் கிளை வேண்டாம் என்று அவருக்கு முன்பே தெரியும். மூளைக்குள் அப்படி யார் உட்கார்ந்திருக்கிறார்? எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பொட்டல்தான் சரியான உவமை. ஆளாளுக்கு ஒரு திசையில் நடப்பார்கள். நாளாக ஆக, கண்மாய்க்கும் பஸ் ஸ்டாப்புக்கும் போகிற ஒற்றையடிப் பாதை மட்டும் மிஞ்சும். மீதியைச் சீமைக்கருவேலம் மூடிவிடும்.

மூளை இணைப்புகளைப் பார்த்து அமைத்த கணினி மாதிரிகளும் இப்படித்தான்: தாராளமாக இணைத்துவிட்டு, அதிகம் பயன்படாததை அறுப்பது. ஆனால் அறுக்கும் வேகத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே! 2015-ல் நவ்லகா, பார்த், பார்-ஜோசஃப் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வளரும் சுண்டெலிகளின் மூளையில் இணைப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். அறுப்பு தொடக்கத்தில் மளமளவென்று நடந்து, போகப்போக மெதுவானது. அதே போக்கில் வெட்டிய கணினி வலையில் செய்தி சுருக்கு வழியில் போனது, சில இணைப்பு போனாலும் தாங்கியது. ஒரே வேகத்தில் வெட்டிய வலை அந்த அளவுக்கு வரவில்லை.

மனித மூளையின் முன்பகுதியில் ஒன்றிரண்டு வயதில் இணைப்பின் அடர்த்தி பெரியவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகம் என்று 1979-லேயே நரம்பியல் மருத்துவர் ஹட்டன்லாக்கர் எழுதிவிட்டார். என் பேத்திக்கு ஒன்றரை வயது. கண்டதையும் இழுக்கிறாள் என்று அவள் அப்பத்தா கத்தும்போது இதைச் சொல்லிப் பார்த்தேன். "முதல்ல அந்த மிளகாய்த்தூள் டப்பாவை மேலே வைங்க" என்கிறாள்.