கீழக்கரை அரேபியாவில் இல்லை

எங்கள் ஊர் கீழக்கரையைப் பற்றி ஒரு தம்பி எடுத்துப் போட்ட அந்தக் காணொளியை இதுவரை பதினேழு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். "தமிழ்நாட்டுக்குள் ஒரு குட்டி அரேபியா" என்று தலைப்பு, பின்னணியில் பாலைவன இசை. தம்பி எந்தப் பாலைவனத்தைக் கடந்து வந்தாரோ! ராமநாதபுரத்தில் பஸ் ஏறினால் ஏர்வாடிக்குப் போகிற வழியில் வருகிற ஊர் கீழக்கரை. வழியெல்லாம் கருவேலமும் பனையும்தான். ஒட்டகம் எதுவும் குறுக்கே வராது.

ஜும்மா பள்ளியின் கல்தூண்களுக்கு முன்னால் நின்று "அரேபியக் கட்டடக் கலை" என்கிறார். ஒரு நிமிடம் அண்ணாந்து தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையைப் பார்த்திருக்கலாம். கோயில் மண்டபத்துக்குச் செதுக்குகிற கைப்பழக்கம் அப்படியே அதில் இருக்கிறது. உருவங்கள் மட்டும் இல்லை, அந்த இடத்தில் பூவும் கொடியும் ஓடுகின்றன. நம் தமிழ்க் கல்தச்சர்களின் வேலை அது. அரேபியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கவில்லை.

"கோயில் தூண் போல இருக்கிறதே, அப்படியானால்..." என்று ஒருவர் காணொளியின் கீழே எழுதியிருக்கிறார். அந்த மூன்று புள்ளிகளின் பொருள் எனக்குத் தெரியும். கட்டுவித்தவர் வள்ளல் சீதக்காதி, ஐயா. 17ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு மிக நெருக்கமானவராக இருந்தவர். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று எல்லாரும் சொல்கிறீர்கள். எந்த ஊரில் இருந்துகொண்டு கொடுத்தார் என்று ஒருவராவது கேட்டதுண்டா?

அவர் ஆதரித்த உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டைப் பாடுகிறார். மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. மக்கா நகரைப் பாட வந்தவருக்கும் மருத நிலம்தான் நாவில் வந்தது. அவர் அரேபியாவையே தமிழ்நாடாக்கினார். முந்நூறு ஆண்டு கழித்து ஒரு தம்பி கைப்பேசியோடு வந்து தமிழ்நாட்டை அரேபியாவாக்கிவிட்டுப் போகிறார்.

"அவர் புகழத்தானே செய்தார், ஏன் இவ்வளவு கோபம்?" என்பீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்தவர் வீட்டைப் புகழ்ந்துவிட்டு, "ஆனால் நீங்கள் இந்தத் தெருக்காரர் போலவே இல்லையே" என்றால் காப்பி கொடுப்பீர்களா?

"பொதுத் தெருவில் படம் எடுக்க உரிமை உண்டு" என்கிற சட்ட மேதைகளுக்கு என்னிடம் பதில் இல்லை. பெண்கள் நடமாடும் சந்துக்குள் கேமராவை நீட்டிக்கொண்டு போனதும், என் மாமி கதவுக்குப் பின்னால் ஒதுங்கியதும், "வெளியுலகம் பார்க்காத பெண்கள்" என்று அவர் குரலைத் தாழ்த்திப் பேசியதும் காணொளியிலேயே இருக்கின்றன. அந்த வீடு மாமியின் வீடு. எங்களில் பல குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருகிறார். இது எந்த அரேபிய வழக்கம் என்று தம்பி அடுத்த பாகத்தில் சொல்லட்டும்.

ஒரு நண்பர் கேட்டது மட்டும் தைத்தது. "பழைய வீடுகளை இடித்துவிட்டு வளைகுடாப் பணத்தில் துபாய் மாதிரி கட்டுவது நீங்கள்தானே?" உண்மைதான். எங்கள் வீட்டுத் திண்ணையும் அப்படித்தான் போனது. வாப்பா கையெழுத்துப் போட்டார், நான் வாய் திறக்கவில்லை.

இடிக்கும்போது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உம்மாவின் உம்மா கொழும்பில் வியாபாரம் பார்த்த கணவருக்கு எழுதிய கடிதங்கள். எழுத்து அரபு எழுத்து, மொழி தமிழ். அரபுத்தமிழ். வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஓதிக்கொடுக்கிற வயதான ஒரு லெப்பையிடம் கொண்டு போனேன். முதல் கடிதத்தை வாசித்தார்: இந்த ஆண்டும் மழை இல்லை, கிணற்றில் உப்பு ஏறிவிட்டது, பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறது. அந்தப் பிள்ளை என் உம்மா. அதற்கு மேல் வாசிக்க வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தமிழ் தமிழ் என்று இங்கே இவ்வளவு கத்துகிற எனக்கு அவளுடைய தமிழை வாசிக்கத் தெரியவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் அந்தக் காகிதமும் அரேபியாதான், இல்லையா?

சரி. தம்பி கடைசியில் எங்கள் ஊர் இனிப்பான தொதல் வாங்கித் தின்றார். இலங்கை வழியாக மலாய்க் கடற்கரைகளிலிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்த பண்டம் அது. ஊர் முழுக்க அரேபியாவையே பார்த்தவர் அதை மட்டும் "அசல் உள்ளூர்ச் சுவை" என்று மெச்சியிருக்கிறார்.