கேஸ் ஷீட் எங்கே என்று கேட்டால் ஏன் கோபம் வருகிறது?

நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் எழுதியதாக நம் ஊர் டாக்டர் ஒருவருக்குப் போன வாரம் எடுத்த பாராட்டு விழாவைப் பற்றி இனி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி ஒரு வாட்ஸப் குழுவில் ஓடிய ஸ்கிரீன்ஷாட்டை ஒருவர் மாற்றி ஒருவர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "கேஸ் ஷீட் அடுக்கிட்டிருந்த கிளார்க்கு, டாக்டரோட ஆராய்ச்சியப் பத்திப் பேச வந்துட்டா." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் சிலர் என் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

சரி, பேசிவிடலாம்.

விழாப் படங்களின் கீழே நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "நூற்றுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆய்வுக் கட்டுரைகள் என்று போட்டிருக்கிறீர்களே, அவற்றில் உள்ள நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகள் எந்த மருத்துவமனையில் இருக்கின்றன?" கேஸ் ஷீட் என்றால் ஒரு நோயாளியின் சிகிச்சை விவரம் முழுவதும் எழுதிய கோப்பு. திட்டவில்லை, கேலி செய்யவில்லை. அரை மணி நேரத்தில் அந்தக் கமெண்ட் அழிக்கப்பட்டது. பதில் இருந்தால் பதில் சொல்லியிருப்பார்கள். அழித்தார்கள்.

ஏன் கேட்டேன் என்பதையும் சொல்கிறேன். அந்தக் கட்டுரைகளில் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒன்றைத் திறந்து படித்தேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பல வருஷத்துக்குச் சேர்த்தே விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு மட்டும் வரும் ஒரு நோய். அந்த நோயோடு ஒரே மருத்துவமனையில் ஆறு மாதத்தில் நூற்றைம்பது பேர் சேர்ந்ததாக அதில் இருக்கிறது. வயது வாரியாகப் பிரித்த அட்டவணையைக் கூட்டினால் நூற்றைம்பது வரவில்லை. கட்டுரை இதழுக்கு வந்த தேதிக்கும் ஏற்கப்பட்ட தேதிக்கும் நடுவில் நாலே நாள். அச்சிடும் முன் கட்டுரையைச் சரிபார்க்க வேண்டிய இரண்டு நிபுணர்கள் நாலு நாளில் படித்து, திருத்தம் சொல்லி, எழுதியவர் திருத்தி, மறுபடி பார்த்து ஒப்புக்கொண்டார்களாம். அந்த அட்டவணையை ஒருவராவது கூட்டிப் பார்க்கவில்லையா?

நான் வெளிமாவட்டத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எம்.ஆர்.டி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ். டிஸ்சார்ஜ் ஆன ஒவ்வொருவருடைய கேஸ் ஷீட்டும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். ஐ.பி. நம்பர், அதாவது உள்நோயாளி எண் வாரியாக அடுக்க வேண்டும். நோய்க்குரிய குறியீடு போட வேண்டும். யார் எடுத்துப் போனாலும், டீனே ஆனாலும், ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்க வேண்டும். பழைய நோயாளிகளின் விவரத்தை வைத்து எழுதுகிற எந்த ஆய்வுக் கட்டுரையும், நாங்கள் சொல்கிற பேப்பரும், அந்த அறையைத் தாண்டித்தான் போக முடியும். இருநூறு கேஸ் ஷீட்டுகளைப் பார்த்து எழுதியதாக ஒரு பேப்பர் சொல்லும். ரெஜிஸ்டரில் ஒரு கையெழுத்துகூட இருக்காது. இதை அந்த அறையில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரால் கண்டுபிடிக்க முடியும்? இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தானே என்பீர்கள். கம்ப்யூட்டரிலும் யார், எப்போது, எந்தக் கோப்பைத் திறந்தார் என்று பதிவு இருக்கும். அதையும் கேட்கலாம்.

"நீ டாக்டரா?" இல்லை. பிரையன் டீரும் டாக்டர் இல்லை. லண்டன் பத்திரிகையாளர். 1998இல் லான்செட் இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் கூட்டாளிகளும் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து ஒரு பேப்பர் போட்டார்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட பேப்பர். உலகத்தின் மிகப் பெரிய மருத்துவ இதழ்களில் ஒன்று, பெரிய பெரிய நிபுணர்கள், யாரும் பிடிக்கவில்லை. தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போடத் தயாரான வக்கீல்களிடம் வேக்ஃபீல்டு பணம் வாங்கியிருந்ததை 2004இல் வெளியே கொண்டுவந்தவர் டீர். பிறகு அந்தக் குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளையும் பேப்பரில் அச்சான விவரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, பன்னிரண்டில் ஒன்றுகூட மாற்றாமல் எழுதப்படவில்லை என்று 2011இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். என்ன செய்தார் அவர்? கேஸ் ஷீட்டைப் பார்த்தார். அவ்வளவுதான். லான்செட் அந்தப் பேப்பரைத் திரும்பப் பெற்றது 2010 பிப்ரவரியில். பன்னிரண்டு வருஷம் அது அங்கேயே இருந்தது.

அது லண்டன் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது ஞாபகம் இருக்கும். என் தங்கையைக் கடற்கரைக் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் மகன் அப்போது மூணாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிற அன்று பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டாள். போன் போட்டேன். "எக்கா, அந்த ஊசி போட்டா பிள்ளைக்குப் பேச்சு வராமப் போயிருமாம், வெளிநாட்டு டாக்டரே எழுதியிருக்காராம், வாட்ஸப்புல வந்திருக்கு" என்றாள். நான் சொல்லச் சொல்ல அழுகிறாள். "பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்கா பொறுப்பு?" திரும்பப் பெறப்பட்டு ஏழு வருஷம் ஆன ஒரு பேப்பர் அது. அவள் லான்செட் என்ற பெயரையே கேட்டதில்லை. ஆனாலும் அந்தப் பொய் கடல் தாண்டி வந்து அவள் வாசலில் நின்றது. கடைசியில் கிராம சுகாதார நர்ஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து பேசித்தான் ஊசி போட்டார்கள். அந்த நர்ஸுக்கு எந்த மண்டபத்திலும் சால்வை போர்த்தவில்லை.

பேப்பர்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, ஜெர்மனியில் யோவாகிம் போல்ட் என்று ஒரு மயக்க மருத்துவர். ஸ்டார்ச் கலந்த ஒரு திரவத்தை நரம்பில் ஏற்றலாம், பாதுகாப்பானது என்று பேப்பர் பேப்பராக எழுதித் தள்ளினார். பிறகு விசாரித்தபோது அவற்றில் பலவற்றுக்கு, நோயாளிகளை வைத்து ஆய்வு செய்ய ஒப்புதல் தர வேண்டிய எதிக்ஸ் கமிட்டியின் அனுமதியே இல்லை என்று தெரிந்தது, கொத்துக் கொத்தாகத் திரும்பப் பெற்றார்கள். அவர் பேப்பர்களை ஒதுக்கிவிட்டு மற்ற ஆய்வுகளை மட்டும் சேர்த்து 2013இல் கணக்குப் பார்த்தால், உடல்நிலை மோசமான நோயாளிகளில் அந்தத் திரவம் ஏறியவர்களுக்குச் சிறுநீரகம் கெடுவதும் மரணமும் கூடுதலாக இருந்தது. ஐ.சி.யு.வில் படுத்திருப்பவருக்கு எந்த பாட்டிலை மாட்டுவது என்று டாக்டர் எதைப் படித்து முடிவு செய்கிறார்? நாளைக்கு அந்தக் கட்டிலில் உங்கள் அப்பா இருக்கலாம்.

கொரோனா நேரத்தில் சர்ஜிஸ்பியர் என்ற கம்பெனியின் விவரங்களை வைத்து லான்செட்டில் ஒரு பேப்பர் வந்தது. 671 மருத்துவமனைகள், 96,000 நோயாளிகள், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து கொடுத்தவர்களில் சாவு கூடுதல் என்று எழுதியிருந்தார்கள். 2020 மே 22 அன்று வெளியானது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பரிசோதனையை நிறுத்தி வைத்தது. அப்புறம் மூல விவரத்தைக் காட்டு என்று கேட்டார்கள். கம்பெனி காட்டவில்லை. ஜூன் 4 அன்று பேப்பர் திரும்பப் பெறப்பட்டது. அங்கேயும் கேள்வி அதேதான்: கேஸ் ஷீட் எங்கே? அங்கே கேட்டவர்களை யாரும் பொறாமைக்காரர் என்று விரட்டவில்லை.

பதவி உயர்வுக்குப் பேப்பர் கட்டாயம், பாவம் டாக்டர்கள் என்ன செய்வார்கள் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். அசிஸ்டென்ட் புரொபசர் அடுத்த படிக்குப் போக வேண்டுமென்றால் பேப்பர் வேண்டும். ராத்திரி டூட்டி, ஓ.பி.யில் இருநூறு பேர், வகுப்பு, எல்லாவற்றுக்கும் நடுவில் ஆராய்ச்சியும் செய் என்றால் எப்படிச் செய்வார்கள்? இந்த விதியை நம்பியே காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் இதழ்கள் முளைத்தன. 2013இல் ஜான் பொஹானன் என்பவர் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஒரு போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றில் பல இந்தியாவிலிருந்து நடத்தப்பட்டவை. அந்த விதி மாற வேண்டும், அதற்காக நானும் கூடச் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் விதி பேப்பர் வேண்டும் என்றுதான் சொல்கிறது. இல்லாத நோயாளியை எழுது என்று சொல்லவில்லை. நூறு பேப்பர் வேண்டும் என்றும் சொல்லவில்லை.

எங்கள் எம்.ஆர்.டி.க்கு மேற்படிப்புப் படிக்கும் ஒரு பி.ஜி. மாணவி வருவாள். குளச்சல் பக்கத்துப் பிள்ளை. சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கேஸ் ஷீட்டாகப் பார்ப்பாள். தீசிஸுக்கு நூறு பேர் வேண்டும். தேடித் தேடிப் பார்த்தும் விவரம் முழுதாக இருந்தது அறுபத்திரண்டுதான். மீதியை "ஃபில் பண்ணிரு" என்றாராம் கைடு. அன்றைக்கு அந்தப் பிள்ளை என் மேஜைப் பக்கம் வந்து நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. "அக்கா, மீதி முப்பத்தெட்டுப் பேருக்கு நான் எங்கே போவேன்?" நீ பார்த்ததை எழுது மக்ளே என்றேன். அறுபத்திரண்டு என்றே எழுதினாள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அதற்காகக் குத்திக் குத்திக் கேட்டார்களாம். பாஸாகிவிட்டாள். இன்றைக்கு ஒரு சின்ன ஊரில் அரசு டாக்டர். ஒரே ஒரு பேப்பர் வந்திருக்கிறது. அவளுக்கு யார் விழா எடுப்பார்கள்? அவளும் அந்த நூறு பேப்பர்க்காரரும் ஒரே தராசில் நிறுக்கப்படுகிறார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பேப்பரில் பெயர் போடுவதற்கும் விதி இருக்கிறது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நாலு நிபந்தனை வைத்திருக்கிறது: வேலையில் உண்மையான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பது. நாலும் சேர்ந்து வேண்டும். துறைத் தலைவர் என்பதற்காகவோ, சம்பந்தி என்பதற்காகவோ பெயரைச் சேர்க்க அதில் இடமில்லை.

ஊர்ப் பெயரைக் கெடுக்கிறேனாம். இதுதான் மனசை ரொம்பவே அறுத்தது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சாமர்வெல் இருந்தாரே, 1922லும் 1924லும் எவரெஸ்ட் பயணத்தில் போனவர், நம் கன்னியாகுமரி ஜில்லாக்காரர்களின் குடற்புண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்து அந்த அனுபவத்தை 1930களிலேயே பிரிட்டனின் அறுவை சிகிச்சை இதழ் ஒன்றில் எழுதினார். திருவிதாங்கூர் ராஜ்ஜியமாக இருந்த காலம். கண்ணால் கண்ட, கையால் தைத்த வயிறுகளை வைத்து எழுதினார். அந்தப் பெருமை நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கெடுப்பது கேள்வி கேட்பவளா?

உலகம் முழுக்க நடக்கிறதே, ஹிண்டாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து மட்டும் 2023இல் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்களே என்று படித்தவர் ஒருவர் கேட்டார். அப்படியானால் இங்கே இன்னும் கூடுதலாகக் கேட்க வேண்டும். பொறாமை என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீச்சு வெளியிடும் தோரியம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கிள்ளியூர் தாலுகாவில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நம் மக்கள் தெருவில் இறங்கியதும் தெரியும். கடற்கரையில் எந்த வீட்டில் போய் உட்கார்ந்தாலும் கேன்சரில் போன ஒருவரைப் பற்றிச் சொல்வார்கள். இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் கிட்டத்தட்ட 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து, கூடுதல் புற்றுநோய் தெரியவில்லை என்று 2009இல் ஓர் ஆய்வு வந்தது. நம் கடற்கரை ஆட்கள் அதை நம்பத் தயாரில்லை. நாளைக்கு நமக்கென்றே ஓர் ஆய்வு வரும். "ஆபத்து" என்று வந்தாலும் "ஆபத்தில்லை" என்று வந்தாலும் அதை நம்பித்தான் ஊரைவிட்டுப் போவதா, இருப்பதா என்று சனங்கள் முடிவு செய்வார்கள். அந்தப் பேப்பரும் நாலு நாளில் ஏற்கப்பட்ட பேப்பராக இருந்தால்? கூட்டினால் கணக்கு வராத அட்டவணை அதிலும் இருந்தால்? அன்றைக்கும் கேட்பவளைக் கிளார்க்கு என்று சொல்லி வாயை அடைப்பீர்களா? செத்துப்போன ஒரு மீனவனின் கேஸ் ஷீட் எங்கோ ஒரு அலமாரியில் யாரும் தொடாமல் கிடக்க, பிறக்கவே பிறக்காத ஆட்களை வைத்துப் பட்டம் வாங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இன்பாக்ஸில் பெயரைக் கேட்பவர்களுக்கு: சொல்ல மாட்டேன். யாரையும் அசிங்கப்படுத்துவது என் நோக்கமில்லை. நோயாளிகளின் பெயரும் எனக்கு வேண்டாம். எதிக்ஸ் கமிட்டி அனுமதி எண், ஆய்வு நடந்த மாதங்கள், அந்த மருத்துவமனையின் எம்.ஆர்.டி.யே சரிபார்த்த எண்ணிக்கை, இந்த மூன்றையும் விழாக் குழு வெளியிடட்டும். சரியாக இருந்தால் அதே மண்டபத்துக்கு வந்து நானும் சால்வை போர்த்துவேன்.

அப்புறம், இன்று காலையில் என் அம்மாவுக்குப் போன் போட்டு "மகளைக் கொஞ்சம் அடங்கி இருக்கச் சொல்லுங்க" என்ற பெரியவருக்கு: அம்மாவுக்கு வயசாகிவிட்டது, பிரஷர் இருக்கிறது. பேச வேண்டியதை என்னிடமே பேசுங்கள். நம்பர் உங்களிடம் இருக்கிறது.